பேணுவோரைப் பேணுவது யார்?

பெற்ற தாயையும் தந்தையையும் தெருவில் தள்ளிவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பராமரிப்புக்காகப் பாராளுமன்றம் 2007ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டம் அது. கோட்டாட்சியர் முன்னிலையில் பெற்றோர் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் தரும்படி பிள்ளைகளுக்கு அவர் உத்தரவிடலாம். கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி வீட்டையும் நிலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிரித்த பிள்ளையிடமிருந்து, அந்தச் சொத்தை மீட்டுக்கொள்ளவும் அதில் வழி உண்டு.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். பெற்றவர்களைப் பட்டினி போட்டவன் நீதியின் முன் நிற்கட்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

நாம் கேட்பது வேறொன்று. கைவிட்ட மகனைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. கைவிடாத மகளைப் பற்றி என்ன பேசுகிறது? கைவிடாத மருமகளைப் பற்றி என்ன பேசுகிறது? தானே எழுபதைக் கடந்து தள்ளாடிக்கொண்டு, பக்கவாதத்தில் விழுந்த கணவனைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டுகிறாளே ஒரு கிழவி, அவளைப் பற்றி என்ன பேசுகிறது? ஒரு சொல்லும் இல்லை. கடமை தவறியவனுக்குச் சிறை; கடமை செய்பவளுக்குச் சூனியம்! இதுதான் இன்றுள்ள நிலை.

'வேண்டும்' யாருக்கு? 'லாம்' யாருக்கு?

சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் தோழர்களுக்கு ஒன்று விளங்கும். பிள்ளையின் கடமையைச் சொல்லுமிடத்தில் அதன் குரல் ஓங்கி ஒலிக்கிறது: பேணியே தீர வேண்டும். சர்க்காரின் கடமைக்கு வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒன்று என்று தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாநில சர்க்கார் அமைக்கலாமாம். பிள்ளைக்கு 'வேண்டும்', சர்க்காருக்கு 'லாம்'! அமைக்காத சர்க்காரை எந்தச் சிறையில் அடைப்பது?

முதுமையிலும் நோயிலும் பொது உதவி கிடைக்க, தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு அரசு வகைசெய்ய வேண்டும் என்று 1950இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு கூறுகிறது. நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையாக அன்று, வழிகாட்டும் நெறியாக அங்கே அது எழுதப்பட்டது. நெறி ஏட்டில் இருக்கிறது; ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

சட்டம் செய்வோரின் சிந்தனை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். அஸ்ஸாமில் 2017இல் ஒரு சட்டம் வந்தது: பெற்றோரைப் புறக்கணிக்கும் அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 சதவீதத்தைப் பிடித்துப் பெற்றோரிடம் கொடுப்பது. 2019இல் மத்திய சர்க்கார், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தது. சிறைத் தண்டனையை ஆறு மாதம் வரை உயர்த்துவது அதில் ஓர் அம்சம். வீட்டுக்கே வந்து முதியோரைப் பார்க்கும் சேவை பற்றியும் அதில் சில பிரிவுகள் இருந்தன. ஆனால் மசோதா நிறைவேறாமலே 2024இல் அந்த லோக்சபையின் ஆயுள் முடிந்தது. பிடித்தம், அபராதம், சிறை ஆகியவற்றைச் சிந்திக்கத் தெரிந்த மூளைகளுக்கு, பேணுகிறவளின் முதுகு வலிக்குமே என்று சிந்திக்கத் தெரியவில்லை.

எட்டு மணி நேரம் இல்லாத வேலை

வேலை நேரம் எட்டு மணி என்பதற்காக இரத்தம் சிந்திய இயக்கம் தொழிலாளர் இயக்கம். அந்த இயக்கத் தோழர்கள் தங்கள் வீட்டுக்குள் நடக்கும் ஒரு வேலையை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் முதுகிலும் படுக்கைப்புண் வரும். மலசலம் எடுக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பையைக் காலி செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு நேரம் தவறாமல் ஊசி போட வேண்டும். விழுங்க முடியாதவருக்குப் புரையேறாமல் ஊட்ட வேண்டும். மறதி நோய் பீடித்தவராக இருந்தால், நள்ளிரவில் எழுந்து வாசற்கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ என்று கண்கொட்டாமல் இருக்க வேண்டும். பெற்ற மகளையே "நீ யாரம்மா?" என்று கேட்பவருக்குக் கோபமின்றிப் பதில் சொல்லவும் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு மூன்று ஷிப்டு உண்டு. பயிற்சி பெற்ற நர்சுகள் உண்டு, சம்பளம் உண்டு, வார விடுமுறை உண்டு. வீட்டில் ஒரே ஷிப்டு. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆள். சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, பயிற்சி இல்லை. பெயர்கூட இல்லை. "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் அவளே சொல்கிறாள்: "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்."

யார் அந்த ஒரே ஆள்? மத்திய சர்க்கார் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 41 பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் நூற்றுக்கு 21 பேர்தாம். ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. சமையலும் துவைப்பும் பெருக்கலும் இதில் சேராமல் தனியே நிற்கின்றன.

தொழிலாளி வீட்டுக் கணக்கு

பணம் படைத்தவன் வீட்டில் தாய் விழுந்தால், பகலுக்கு ஒரு நர்ஸ், இரவுக்கு ஒரு நர்ஸ் வருகிறாள். நூற்பாலைத் தொழிலாளி வீட்டிலும், பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டிலும், கொத்தனார் வீட்டிலும் அப்படியா? கணவன் மனைவி இரண்டு பேர் சம்பாத்தியத்தில் ஓடும் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட வேண்டும். யார் விடுவது? கூலி குறைந்தவர் விடுவது. பெண்ணின் கூலிதானே குறைவு? சித்தாள் வேலைக்குப் போனவள் நிற்கிறாள். வருமானம் பாதியாகிறது, மருந்துச் செலவு இரட்டிப்பாகிறது, கந்துக்காரன் வாசலில் நிற்கிறான்.

ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த திட்டம். தொழிலாளி வர்க்கம் பெற்ற பெரும் பேறுகளில் ஒன்று. தொழிலாளி நோயில் விழுந்தால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அவனை நம்பி வாழும் தாய் தந்தையருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால், அந்தத் தாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவும், திரும்பி வந்தபின் பக்கத்திலிருந்து பார்க்கவும் அவன் எடுக்கும் நாளுக்கு என்ன? சம்பள வெட்டு! தன் உடம்புக்கு வந்தால் உதவி உண்டு; தாயின் உடம்புக்கு மாத்திரை உண்டு; மாத்திரை கொடுக்கும் கைக்கு எதுவும் இல்லை.

மத்திய சர்க்கார் ஊழியர் நிலையும் பெரிதாக மாறுபட்டதன்று. பெற்றோரைக் கவனிக்க விடுப்பு உண்டா என்று 2025 ஜூலையில் ராஜ்யசபையில் எழுந்த கேள்விக்கு, ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது, எந்தச் சொந்தக் காரணத்துக்கும் அதை எடுக்கலாம், பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என்று பதில் வந்தது. உழைத்துச் சேர்த்த சொந்த விடுப்பைச் செலவழித்துக்கொள் என்பதுதான் இதன் பொருள். அவருக்காவது அது இருக்கிறது. தினக்கூலிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் ஈட்டிய விடுப்பு எங்கே இருக்கிறது?

பண்பாடு என்னும் திரை

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். "பெற்ற தாயைப் பார்க்கக் கூலி கேட்பதா? தமிழன் பண்பாடு என்னாவது? இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்" என்பார்கள். இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். அவர் வீட்டுக் கிழவரைக் குளிப்பாட்டுபவர் வேறொருவராக இருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

பிள்ளைப்பேற்றுக்கும் இதே வாதம் சொல்லப்பட்டது. குழந்தையை வளர்ப்பது தாயின் கடமை, அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்றார்கள். தொழிலாளர் இயக்கம் அதை ஏற்கவில்லை. பேறுகாலச் சலுகைச் சட்டம் 1961இல் வந்தது. 1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. இன்று சிற்றூர்களிலும் குழந்தைக்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஓர் ஊழியர் இருக்கிறார். ஒரு வேளைச் சோறும் இருக்கிறது. அதனால் எந்தத் தாய்க்காவது பாசம் குறைந்துவிட்டதா? பண்பாடு செத்துவிட்டதா? தாய் நாற்று நடவும் ஆலைக்குப் போகவும் முடிந்தது, அவ்வளவே.

குழந்தைக்கு நியாயமானது கிழவருக்கு ஏன் அநியாயமாக வேண்டும்?

கூட்டுக் குடும்பத்தில் ஒரு கிழவிக்கு நான்கு மருமக்கள் இருந்தார்கள். நான்கு தோள்கள் மாறி மாறிச் சுமந்தன. இன்று ஒரு மகன் திருப்பூரில், ஒரு மகன் வளைகுடாவில், மகள் கட்டிக்கொடுத்த ஊரில். தோள் ஒன்றாகிவிட்டது; சுமையோ ஏறிக்கொண்டே போகிறது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18 ஆகும் என்பது மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமை கூடும் மாநிலம் நம்முடையது. பாசம் வற்றிப்போய் இந்தச் சிக்கல் வரவில்லை. தாங்கும் கைகள் குறைந்து வருகிறது.

பிற நாடுகள் கற்ற பாடம்

பிரிட்டனில் மேரி வெப்ஸ்டர் என்ற மாது, வயோதிகப் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக 1954இல் வேலையை விட்டார். தம்மைப் போன்ற பெண்கள் எத்தனையோ பேர் என்பதைக் கண்டு பத்திரிகைகளுக்கு எழுதினார். 1965இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார். அத்தகைய கிளர்ச்சியின் விளைவாக 1976இல், நோயாளியை வீட்டில் பேணுவோருக்கு உதவித்தொகை பிறந்தது. ஆனால் அதில் ஒரு சூது இருந்தது: மணமான பெண்ணுக்கு அது கிடையாது! அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது சர்க்காரின் தத்துவம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண், தாயைப் பேணுவதற்காக 1984இல் வேலையை விட்டவர், இதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றார். 1986 ஜூனில் வென்றார். தீர்ப்புக்கு முந்தின நாளே சர்க்கார் பணிந்து விதியை மாற்றுவதாக அறிவித்தது. உதவித்தொகை தானாக வரவில்லை. பேணுவோர் கூடிக் குரல் கொடுத்ததால் வந்தது.

அங்கே இன்னொரு பாடமும் உண்டு. உதவி பெறுபவர் வெளியில் சம்பாதிக்க ஒரு வரம்பு வைத்தார்கள். சில பவுன் வரம்பு மீறியவர்களிடமும் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்ட கொடுமை 2024இல் சந்தி சிரித்தது. உதவி ஒரு கண்ணியாகிவிடக் கூடாது.

ஜெர்மனியில் 1995இல் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டுகிறார்கள். முதியவர் வெளிச் சேவையைப் பெறலாம். வேண்டாமெனில் ரொக்கம் பெற்றுத் தம்மைப் பேணும் உறவினருக்குக் கொடுக்கலாம். வாரம் 10 மணிக்குக் குறையாமல் பேணுபவர் வெளியில் 30 மணிக்கு மேல் வேலை செய்யாதவரானால், அவர் பெயரில் பென்ஷன் சந்தாவை அந்த இன்ஷூரன்சே கட்டுகிறது. பேணுவதும் உழைப்புதான் என்பதை ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம். இதற்குத் தொழிலாளி கொடுத்த விலையையும் மறைக்கத் தேவையில்லை. முதலாளிகளின் பங்குக்கு ஈடுகட்ட, சாக்சனி மாநிலம் நீங்கலாக எங்கும் ஒரு பொது விடுமுறை நாள் பறிபோயிற்று.

ஜப்பானில் 2000 ஏப்ரலில் இத்தகைய இன்ஷூரன்ஸ் நடப்புக்கு வந்தது. 40 வயதானவர் எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள், சரிபாதி வரிப்பணம். ரொக்கம் கொடுக்கலாமா என்ற விவாதம் எழுந்தபோது பெண்கள் இயக்கத்தினர் எதிர்த்தனர். "பணத்தைக் கொடுத்தால் மருமகளைக் கட்டிலின் காலிலேயே கட்டிவிடுவார்கள், ஆளை அனுப்புங்கள், பகல் நிலையம் திறவுங்கள்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ரொக்கத்துக்குப் பதில் சேவையே தரப்பட்டது. வேலைக்குப் போகும் உறவினருக்கு 93 நாள் விடுப்பும், அதற்குச் சம்பளத்தில் 67 சதவீதமும் உண்டு.

மூன்று நாடுகளும் நம்மைவிடச் செல்வம் மிக்கவை. அப்படியே பெயர்த்து நடமுடியாது. எனினும் மூன்றும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்றே: பேணுபவள் தளர்ந்து விழுந்தால், வீட்டில் நோயாளி இரண்டாகிவிடும்.

இங்கே நடந்திருப்பது

நம் மாநிலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். முதியோர் பென்ஷன் இங்கே 1962இலேயே தொடங்கியது. அன்று மாதம் 20 ரூபாய், 2023இல் 1,200 ரூபாய். மத்திய சர்க்காரோ 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 200 ரூபாய் என்று வைத்தது; பிறகு எத்தனையோ பட்ஜெட்டுகள் வந்துபோயும் அந்த 200 உயரவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தையும், இயன்முறைச் சிகிச்சையையும், வலி தணிக்கும் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில், 70 வயது கடந்தோர் வீட்டுக்கே ரேஷன் பொருள் அனுப்பும் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், முதியோர் பகலில் தங்க 25 'அன்புச்சோலை' மையங்கள் திறக்கப்பட்டன.

இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்துக்கு 25 பகல் நிலையங்கள் எம்மாத்திரம்? மருந்து கொண்டுவரும் ஊழியரின் பதிவேட்டில் நோயாளியின் பெயர் இருக்கிறது. அவரைப் பேணுபவளுக்கு உதவி கேட்கும் பத்தி எங்கே? அண்டை மாநிலமான கேரளத்தில், படுக்கையிலிருப்பவரைப் பேணுவோருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் என ஒரு திட்டம் போட்டார்கள். தொகை அற்பம்தான்; ஆயினும் பேணுபவள் ஒரு ஆள் என்பது அங்கே தாளில் ஏறியது.

பணம் எங்கே?

"நல்ல யோசனைதான், கஜானாவில் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, தோழர்களே! சித்தாளின் இழந்த கூலியாகச் செலவாகிறது. அடகுக் கடைக்குப் போன கம்மலாகச் செலவாகிறது. பாட்டியைப் பார்க்கப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணின் படிப்பாகச் செலவாகிறது. கணக்கில் வராத காரணத்தால் அது செலவன்று என்று ஆகிவிடுமா? வீட்டில் பேணப்படும் ஒவ்வொரு நோயாளியும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டிலை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். மிச்சம் சர்க்காருக்கு, இழப்பு மட்டும் ஏழைப் பெண்ணுக்கா?

நாம் கேட்பவை

முதலாவது, வீட்டில் முதியவரைப் பேணுபவர் யார் என்று பதிவு செய்க. நோயாளியின் உடல்நிலையோடு அவரது உடல்நிலையும் பார்க்கப்படுக.

இரண்டாவது, ஓய்வு. ஊராட்சி ஒன்றியத்துக்கும் நகர்ப்புறக் குடிசைப் பகுதிக்கும் பகல் நிலையம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் சில கட்டில்களாவது ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு வாரம் நோயாளியை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாரம் அவள் தூங்கட்டும்.

மூன்றாவது, வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மூலம் ஊதியத்துடன் பராமரிப்பு விடுப்பு. அமைப்புசாராத் தொழிலாளிக்கு, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த நல வாரியங்கள் மூலம் அதற்கீடான உதவி.

நான்காவது, படுக்கையிலிருப்பவரைப் பேணுபவர் பெயரிலேயே உதவித்தொகை. வெளியில் நாலு காசு சம்பாதித்தாள் என்று அதைப் பறிக்கலாகாது.

ஐந்தாவது, பயிற்சியும் ஆளும். முதுகு ஒடியாமல் தூக்குவது எப்படி, புண் வராமல் படுக்க வைப்பது எப்படி என்று செவிலியர் வீட்டுக்கு வந்து கற்பிக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரமாவது உதவிக்கு ஆள் வர வேண்டும். அப்படி வருபவருக்குத் தன்னார்வலர் என்று பட்டம் சூட்டி ஊக்கத்தொகையில் முடித்துவிடக் கூடாது; அவரும் தொழிலாளி, அவருக்கும் முறையான ஊதியம் வேண்டும். ஒரு பெண்ணின் சுமையை இறக்க இன்னொரு பெண்ணைச் சுரண்டுவது சீர்திருத்தம் ஆகாது.

தோழர்களின் கடமை

சர்க்காரைக் கேட்கும் உரிமை, தன் வீட்டில் கை கொடுப்பவனுக்கே முழுமையாக உண்டு. கூட்டத்தில் உழைப்பின் பெருமை பேசிவிட்டு, வீடு திரும்பியதும் தந்தையின் படுக்கையை மாற்றுவது மனைவியின் வேலை என்று கயிற்றுக் கட்டிலில் சாயும் தோழர் யாரேனும் இருந்தால், முதல் மாறுதல் அங்கே நிகழட்டும். இரவில் ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் பொறுப்பையாவது அவர் ஏற்கட்டும்.

அடுத்து, கிளைதோறும் ஒரு வேலை. உங்கள் தெருவில், உங்கள் லயனில், உங்கள் ஊரில் படுக்கையிலிருக்கும் முதியோர் எத்தனை பேர், அவர்களைப் பேணுவோர் யார், அதற்காக வேலை இழந்தோர் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். சங்கக் கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்தில் பராமரிப்பு விடுப்பையும் எழுதுங்கள்.

மே முதல் நாள் கிராம சபை கூடும் நாளும் ஆகும். காலையில் கொடி ஏற்றிய கையோடு, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு சபைக்குச் செல்லுங்கள். ஊருக்கு ஒரு பகல் நிலையம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கூட்டத்துக்கு வரமுடியாமல் கட்டிலருகே நிற்கும் பெண்ணின் பெயரையும் உரக்கப் படியுங்கள். எட்டு மணி வேலைக்காக எழுந்த நாளில், இருபத்து நான்கு மணி வேலை செய்பவளின் பெயர் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறட்டும்.